ஒரு வெட்டுகூட இல்லை

— ...ஆகவே, நாகரிக உலகத்துக்கு நான் அறிவிப்பது இதுதான். அமெரிக்க நகைச்சுவை இன்றோடு தன் விலங்கை உடைக்கிறது. பெரியவர்களுக்கான தொடர் என்றால் பெரியவர்களுக்கானதுதான். 'இரண்டாவது கட்டில்' தொடரின் ஒரு சொல்லையும் இனி எந்தக் கத்தரிக்கோலுக்கும் காவு கொடுக்கமாட்டேன் என்று, லாயிட் பிரிக்மனாகிய நான்...

— லாயிட், இது என் ஆபீஸ். விருது மேடை சனிக்கிழமைதான். கதவைச் சாத்திட்டு உட்காரு.

— எப்படி இருக்கு, கோனி? கருத்துச் சுதந்திரத்துக்குப் பதக்கம் குடுக்கறாங்க. ஏற்புரை கொஞ்சமாவது அதிர வேண்டாமா?

— அந்தக் கத்தரிக்கோல் நான்தானே?

— சேனலோட தணிக்கை அதிகாரி நீதானே, வேற யாரைச் சொல்றது? மனசுல வெச்சுக்காதே. வரலாறுன்னா ஒரு வில்லி வேணும். இந்தா, பேகல் ரொட்டி. வெங்காயம் போட்டது, உனக்குப் பிடிக்கும். சரி, வழக்கம்போல ஆரம்பிப்போம். அதை எடு, இதை எடுன்னு நீ சொல்லு. நான் மேஜையைத் தட்டிக் கத்தறேன்.

— இந்த வாரம் எதையும் எடுக்கலை.

— அவ்வளவு கோபமா? சரி, சவப்பெட்டி சீனை நானே விட்டுத் தர்றேன். பதிலுக்கு நம்ம தொடர்ல ரோண்டா குளிக்கிற வசனம் எனக்கு வேணும்.

— நான் சொன்னது காதுல விழலையா? எதையும் எடுக்கலை. டேப் நேத்தே மேல போயாச்சு.

— விளையாடாதே. அந்த விதவை, சவப்பெட்டி மூடி மேல...

— இருக்கு.

— பாதிரியார் எட்டிப் பார்த்துக் கேக்கறாரே, அந்தக் கேள்வி?

— அது இருக்கு. அவ சொல்ற பதிலும் இருக்கு.

— கோனி, அதெல்லாம் வெட்டறதுக்குன்னே வெச்சது. இந்த ஊர்ல எழுதிப் பிழைக்கிறவன் எல்லாரும் பண்றதுதான், உனக்குத் தெரியாததா? பெரிய அசிங்கமா ரெண்டைப் போட்டா, நீங்க அதைப் பிடுங்கிட்டுத் திருப்தியா போயிடுவீங்க, நிஜமா வேணுங்கறது பிழைச்சுக்கும். பலியாட்டை யாராவது வீட்டுக்குள்ள கூப்பிட்டு சோபாவுல உட்கார வைப்பாங்களா?

— இந்த வாரம் வெச்சேன். காபியும் குடுத்தேன்.

— ரோண்டா கட்டிலுக்கு அடியில பல்செட்டு கிடைக்குதே, அது? பேர் சொல்லலைதான். ஆனா அது நம்ம சேனல் சேர்மனோட பல்செட்டுன்னு பர்பாங்க் ஸ்டூடியோவுல கார் நிறுத்தறவனுக்குக்கூடத் தெரியும்.

— அதுவும் போகுது. குளோசப்ல.

— டேப்பைத் திரும்ப வாங்கு.

— நான் எதுக்கு? நீயே போன் பண்ணு. "ஐயா, நான் எழுதினதை நானே வெட்டிக்கறேன்"னு சொல்லு, உடனே வெட்டிடுவாங்க. பதக்கத்தை யார் கழுத்துல போடலாம்னு விருதுக்காரங்க அப்புறம் யோசிச்சுக்கட்டும்.

— பழிவாங்கறே.

— புரிஞ்சுடுச்சே. மெதுவாத்தான் புரியும்னு நினைச்சேன்.

— எதுக்கு? நாம சேர்ந்து எழுதின அந்த வான் நைஸ் கராஜுக்கா? அதெல்லாம் எந்தக் காலம். தலைமுடி இருந்த காலம்.

— கராஜ் என்னோடது. டைப்ரைட்டர் என்னோடது. நம்ம முதல் தொடர்ல பாதி சிரிப்பு என்னோடது. சேனல்காரங்க, "இந்தம்மா யாரு?"ன்னு கேட்டப்ப நீ என்ன சொன்னே?

— ஏதாவது சொல்லியிருப்பேன். பதட்டம்.

— டைப்பிஸ்ட்னு சொன்னே. உடனே அவங்க என்னைக் காபி கொண்டு வரச் சொன்னாங்க. கொண்டு வந்தேன். உனக்கு ரெண்டு சர்க்கரை போட்டேன். அதுக்கப்புறம் எழுதறதுக்கு இந்த ஊர்ல ஒருத்தனும் என்னைக் கூப்பிடலை. வெட்டறதுக்குத்தான் வேலை கிடைச்சுது.

— சரி, தப்பு. இப்பச் சொல்றேன், தப்பு. சனிக்கிழமை மேடையில உன் பேரைச் சொல்றேன், போதுமா?

— எதுக்கு, வில்லிக்கா?

— நெஞ்சுல ஈரமே இல்லையா உனக்கு? இத்தனை நாள் எப்படியோ அனுசரிச்சுத்தானே போனோம். போன வருஷம் மேயரோட காலுறை பத்தின வசனத்தை வெட்டாம விட்டுட்டியே. புகார் சாக்கு சாக்கா வந்துச்சு, அப்பவும் நீ அசையலை. அவ்வளவு பச்சையானது உன் கண்ணுல எப்படித் தப்பிச்சதுன்னு எனக்கு இன்னும் புரியலை.

— தப்பிக்கலை. நீயே பேகலைச் சாப்பிடு, ஆறிடும்.

— இரு. இரு, கோனி. வெள்ளிக்கிழமை இது ஒளிபரப்பானா என்ன ஆகும்? தேவாலயக் கூட்டம் வாசல்ல கண்டன அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். செனட்ல ஒருத்தன் என் பேரைச் சொல்லி மேஜையைத் தட்டுவான். சேர்மன் என்னை வெளியே தள்ளுவார். மறுநாள் காலையில மத்த சேனலெல்லாம் எனக்குக் கார் அனுப்பும். அடி பைத்தியக்காரி, என்னைத் தியாகி ஆக்கிட்டே. வரலாறு உனக்கு நன்றி சொல்லும். ஏற்புரையை மாத்தணும், பேனா குடு.

— இந்தா. சேர்மன் நேத்தே டேப்பைப் பார்த்துட்டார்.

— பார்த்துட்டாரா? கத்தினாரா? பல்செட்டு வந்ததும் மூஞ்சி எப்படிப் போச்சு?

— பல்செட்டு வரைக்கும் அவர் வரலை. சவப்பெட்டி சீன்லயே தூங்கிட்டார்.

— வயசானவர், தூங்குவார். ஷூட்டிங் பார்க்க வந்த ஜனங்க சிரிச்சாங்களே. என் காதால கேட்டேன்.

— சாயங்காலத்துல இருந்து பட்டினி போட்டு உட்கார வெச்சிருந்தீங்க. பீட்சா வந்ததைப் பார்த்துச் சிரிச்சாங்க.

— சும்மா சொல்லாதே. இத்தனை வருஷமா நீ என் அசிங்கத்தையெல்லாம் வெட்டி வெட்டி எறிஞ்சே. மிச்சம் மீதியை வெச்சே நாடு விழுந்து விழுந்து சிரிச்சுது. இந்த வாரம் முழுசா போகுது. அப்ப எவ்வளவு சிரிக்கணும்?

— லாயிட், அசிங்கம்னு உன் வரி ஒண்ணைக்கூட நான் வெட்டினதில்லை. சிரிப்பு வராததைத்தான் வெட்டினேன்.