ஹெலன் மிஸ்ஸுக்கு ஒரு மாடி

அதுவா மாமி? அது பின்னாடி இருக்கற பிரஸ் கம்பெனி. தகடு வெட்டற மிஷினு. காலைல ஆரம்பிச்சா சாயங்காலம் வரிக்கும் டம்மு டம்முன்னு அப்டித்தான். எங்களுக்குப் பழகிப்போச்சி. எம்பொண்ணு பூமிகா அந்தச் சத்தம் இருந்தாத்தான் தூங்குவா, கம்பெனி லீவு உட்டா பேஜாரு பண்ணுவா. உங்களுக்குத்தான் புதுசு. ஊடு உங்களுதுன்னாலும் நீங்க இருக்கறது திருவள்ளூர்ல, உங்க புள்ள வாங்கிப் போட்டதோட சரி. மொதல்ல இந்த இளநியக் குடிங்க, ரெண்டு பஸ் மாறி வந்திருக்கீங்க. எங்க ஊட்டு டம்ளர்ல ஊத்தல மாமி, காயோடத்தான் வெட்டி வெச்சிருக்கேன். தைரியமா குடிங்க.

ஆங், மேல் போர்ஷன். அதுக்குத்தான் உங்கள வரச் சொன்னேன். போன்ல சொன்னா பாதி கேட்டுட்டு வெச்சிடுவீங்க. கடைசியா வந்த குடும்பம் மூட்டையப் பிரிக்கறதுக்கு முன்னாடியே ஓடிட்டாங்க. அதுக்கு முன்னாடி இருந்த பசங்க, காதுல பஞ்சு வெச்சிக்கினு திரிஞ்சாங்க. இப்ப நான் சொல்றவங்களுக்கு இந்தச் சத்தம்தான் வேணும் மாமி. நெசமா. ஏன்னா, சத்தம் இல்லாத எடத்துல அவங்களுக்கு யாரும் ஊடு குடுக்க மாட்டேங்கறாங்க.

ஐயையோ, கேஸுகீஸெல்லாம் ஒண்ணும் கெடையாது! ஹெலன் மிஸ்ஸுன்னு பேரு. சாக்ஸபோன் வாசிக்கறவங்க. தங்கக் கலர்ல, யான தும்பிக்கை மாதிரி வளஞ்சினு இருக்கும் பாருங்க, அது. கல்யாணத்துல வாசிக்கறவங்க இல்ல. இது ஜாஸு. வெளிநாட்டு சங்கீதம். வயசுல கப்பல்ல போயி ஊர் ஊரா வாசிச்சிருக்காங்க. மெட்ராஸ்ல பெரிய ஓட்டல் பேண்டுல அத்தினி ஆம்பளைங்களுக்கு நடுவுல இவங்க ஒருத்தங்கதான் பொம்பள. இப்பவும் பெரிய பெரிய வித்வானெல்லாம் ஊட்டுக்கு வந்து கத்துக்கினு போறாங்க. வாசல்ல காரு நிக்கும்.

ஜாஸுன்னா இன்னாவா? எப்டி சொல்றது... வேப்பம்பட்டுல ரயில்வே கேட்டு போட்டுட்டா ஆட்டோக்காரன் இன்னா பண்ணுவான்? இந்தச் சந்துல பூந்து, அந்தக் குட்டைய சுத்தி, எங்கயோ இட்டுனு போறானேன்னு நாம கத்துவோம். கடைசில பாத்தா கரெக்டா நம்ம ஊட்டு வாசல்ல நிறுத்துவான். அதான் ஜாஸு. பாட்டு ஒண்ணுதான், ஒவ்வொரு தபாவும் வேற வழி. இது மிஸ்ஸு சொல்லிக் குடுத்தது இல்ல, நானா சொன்னது. கேட்டுட்டு சிரிச்சி சிரிச்சி அவங்களுக்குப் பொரையேறிப்போச்சி.

எனக்கு எப்டி பழக்கமா? சண்டை போடப் போயித்தான். இங்க வர்றதுக்கு முன்னாடி நாங்க வேப்பம்பட்டுல இருந்தோம் இல்ல, பக்கத்து ஊடு அவங்களுது. பூமிகா அப்ப கைக்கொழந்த. கஷ்டப்பட்டு தூங்க வெச்சி கீழ போடறேன், இவங்க ஊத ஆரம்பிச்சாங்க, அது எழுந்து கத்துது. புடவைய இழுத்து சொருவிக்கினு போயி கதவத் தட்டுனேன். பேண்ட் சொக்காவோட ஒரு அம்மா வந்து நிக்கறாங்க. நான் கத்தறத எல்லாம் கேட்டாங்க. கேட்டுட்டு, எந்தச் சத்தத்துல கொழந்த எழுந்துச்சின்னு கேக்கறாங்க மாமி! நானும் கோவத்துல, கீழ உறுமிக்கினு இருக்க சொல்ல தூங்கிச்சி, அப்பால வழுக்கிக்கினே மேல ஏறுனீங்களே, அதுல எழுந்துச்சின்னேன். அப்டியே பாத்தாங்க. உனக்குக் காது இருக்குது, உள்ள வந்து குந்துன்னாங்க.

யாரு கத்துக்கறது? நான்தான். ஏன் மாமி அப்டி பாக்கறீங்க? எங்க ஊட்டுக்காரரும் இப்டித்தான் பாத்தாரு. ஏற்கனவே உன் வாயி ஓயாது, இதுல மைக் செட்டு வேறயான்னாரு. ஆனா பூமிகாவப் பாத்துக்கறதும் அவருதான். நான் ஆரணி பக்கம் கிராமம், பத்தாவதோட சரி, இங்கிலீஷும் வராது. மிஸ்ஸு அதெல்லாம் கேக்கவே இல்ல. மொதல் நாளு ஒரே ஒரு சத்தத்த இழுத்துப் புடிக்கச் சொன்னாங்க. புடிச்சேன். உட்டுடாதேன்னாங்க, உடல. இவ்ளோ மூச்சு எங்க கத்துக்கினன்னு கேட்டாங்க. வெறகு அடுப்பு மிஸ்ஸு, ஈர வெறகுன்னேன். காருல வந்த பையன் ஒருத்தன் அங்க குந்திக்கினு இருந்தான், அவன்கிட்ட சொல்றாங்க, போயி ஒரு வருஷம் அடுப்பு ஊதிட்டு வாடான்னு!

திட்டுவாங்க, நல்லா திட்டுவாங்க. வாய் வெக்கற எடத்துல ஒரு பட்டை இருக்குது, நாணல்ல செஞ்சது, அத்த எச்சில்ல ஊற வெக்கணும். அத்த வாயில போட்டுக்கினே திட்டுவாங்களா, ஒண்ணுமே புரியாது, ஆனா பயமா இருக்கும். தப்பா வாசிச்சா திட்டமாட்டாங்க மாமி. தப்புன்னு தெரிஞ்சி நிறுத்தினா தான் திட்டு. உன் ஆட்டோக்காரன் தப்பு சந்துல பூந்துட்டா எறங்கி நின்னு அழுவானா, அடுத்த திருப்பத்துல திரும்பிப் பாருடீன்னு. இங்க குடிவந்த அப்பாலயும் சனிக்கெழமை ஆனா ரெண்டு ரயிலு மாறி போயிக்கினுதான் இருக்கேன்.

அவங்க ஊட்டுக்கு இன்னா ஆச்சா? அத்த ஏன் கேக்கறீங்க. எதிர்ல புது அபார்ட்மெண்ட் வந்துச்சி. அன்னிக்கி மிஸ்ஸு மாடில நின்னு சோகமா ஒண்ணு வாசிச்சிக்கினு இருந்தாங்க. அப்பப் பாத்து மிஸ்ஸோட உறவுக்காரங்க ரெண்டு காருல வந்து எறங்கறாங்க. நம்ம பக்கம் சாவுக்கு பேண்டு வெக்கறது வழக்கமா, எதிர் ஊட்டுக்காரங்க ஐயோ பாவம்னு ரோஜா மால வாங்கினு வந்துட்டாங்க! மிஸ்ஸு கதவத் தெறந்து, யாருக்குன்னு கேட்டாங்க. மிஸ்ஸு மாலைய வாங்கி தன் கழுத்துலயே போட்டுக்கினு, உயிரோட இருக்கப்பவே குடுத்தீங்களே, உள்ள வாங்க, டீ குடிங்கன்னுட்டாங்க.

நீங்க சிரிக்கறீங்க. அவங்க சிரிக்கல. அபசகுனம்னு சொல்லி, அசோசியேஷன்ல பேசி, ஊட்டு ஓனரு காலி பண்ணச் சொல்லிட்டாரு. அப்பால நானும் மிஸ்ஸும் பாக்காத தெரு இல்ல. உங்க திருவள்ளூர் மணவாள நகர்ல கூட பாத்தோம். சாக்ஸபோன் பொட்டிய பாக்கற வரிக்கும் சிரிச்சி பேசறாங்க, அப்பால மச்சானுக்கு குடுத்துட்டோம், மருமகனுக்கு குடுத்துட்டோம்னு சொல்றாங்க.

கறி மீனா? ஞாயித்துக்கெழம மட்டும் மீனு. அதுவும் எங்க ஊட்டு அடுப்புலதான், நான் ஆக்கித் தரேன், உங்க மேல் ஊட்டு அடுப்புல ஏறாது. மேல அலமாரில நீங்க ஒட்டின பெருமாள் படத்த அவங்க தொடமாட்டாங்க. அது இருக்கட்டும், உங்க ஊரு வீரராகவப் பெருமாள் புறப்பாட்டுக்கு முன்னாடி இன்னா போவுது? நாயனம்தானே? அதுவும் வாயால ஊதறது, இதுவும் வாயால ஊதறது. பெருமாளுக்கு ஊதறவங்க மேல கோவம் கெடையாது மாமி, மனுஷங்களுக்குத்தான்.

தனியாதான் இருக்காங்க, கல்யாணம் கட்டிக்கல. ஒடம்புக்கு வந்தா கீழ நான் இருக்கேன் இல்ல?

சத்தம் எவ்ளோ வருமா? அத்த சொல்றேன் கேளுங்க. பூமிகா பொறந்த நாளுக்கு மிஸ்ஸு இங்க வந்தாங்க. கேசரி தின்னுக்கினு இருக்கப்ப பின்னாடி மிஷினு டம்மு டம்முங்குது. மிஸ்ஸு ஸ்பூன கீழ வெச்சிட்டாங்க. வெரலு தட்டுல தாளம் போடுது. நர்மதா, இந்த டிரம்மரு யாரு, குடிச்சிட்டு வரமாட்டான், லேட்டா வரமாட்டான், சம்பளமும் கேக்கமாட்டான், இவன இத்தினி நாளா எங்க ஒளிச்சி வெச்சிருந்தன்னு கேட்டாங்க. பொட்டியத் தெறந்து, இங்கதான், நீங்க குந்தியிருக்கீங்களே அதே எடத்துல நின்னு, மிஷினோட சேந்து வாசிச்சாங்க பாருங்க! மிஷினு டம்முன்னு வுழற எடத்துக்கு நடு நடுவுல பூந்து பூந்து வருது. டீ டைமுக்கு மிஷின நிறுத்திட்டாங்க, இவங்க நிறுத்தல. செவுத்துக்கு அந்தாண்ட கம்பெனி ஆளுங்க கை தட்டறாங்க, மேனேஜரு உட்பட. இந்தத் தெருவுல ஒருத்தரும் வந்து இன்னா சத்தம்னு கேக்கல. மிஷின கேக்காதவங்க மிஸ்ஸ கேப்பாங்களா?

சரிங்கறீங்களா? மாமி! நீங்க நல்லா இருக்கணும். இன்னா, வெள்ளை அடிச்சிட்டு அடுத்த மாசம் வரச் சொல்லணுமா? வேணாம் மாமி. செவுரு அப்டியே இருக்கட்டும், இப்ப அடிச்சா சீக்கிரம் காயாது. ஞாயித்துக்கெழமைக்குள்ள அவங்க குடி வந்தாவணும்.

ஞாயித்துக்கெழம அவங்க அண்ணன் பொண்ணு பெங்களூர்லேர்ந்து காரு எடுத்துனு வருது, மிஸ்ஸ இட்டுனு போவ. பெரிய பில்டிங்கு, அங்க வாசிக்கக்கூடாதாம். மிஸ்ஸும் ஊடு தேடி சலிச்சிப்போயி சரின்னுட்டாங்க. போன சனிக்கெழம என்னக் கூப்ட்டு சாக்ஸபோன பொட்டியோட எங்கையில குடுத்துட்டாங்க. அங்க சும்மா கெடந்து துரு புடிக்கும், நீ வெச்சிக்கோன்னு. அந்தக் கார் பசங்களுக்குக் குடுக்கல, எனக்குக் குடுத்தாங்க. ஊட்டுக்காரரு அதிர்ஷ்டம்டீன்னு சொல்றாரு. பீரோ மேல வெச்சிருக்கேன், இன்னும் தெறக்கல. தெறந்தா என்னுதாயிடும் மாமி. எனக்கு இன்னும் பாதி பாட்டு கூட வராது, அது எங்கையில இருந்து இன்னா பிரயோஜனம்?

இல்ல, மிஸ்ஸுக்கு இன்னும் தெரியாது, உங்கள கேக்காம எப்டி சொல்றது. சாவியக் குடுங்க. பொட்டிய மொதல்ல மேல வெச்சிட்டு வந்து போன் பண்றேன்.