ரத்து செய்த பிறகும் வந்த ஐஸ்

திருநெல்வேலி பஸ் புதுக்கோட்டையைத் தாண்டியிருந்தது. முன் சீட்டில் மடியில் லேப்டாப் வைத்திருந்த பையன் பக்கத்திலிருந்த நண்பனிடம் சொன்னதைக் கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

"ரத்து பட்டனை அமுக்கின பொறவும் கரைக்கு ஐஸ் வந்துட்டுலே."

"யாரு அமுக்கினா?"

"போட்டுக்கு ஐஸ், டீசல், ஆளு எல்லாம் ஏற்பாடு பண்ணுத நம்ம ஆப்புல இருக்க போட்டுக்கார அண்ணாச்சி. காத்து பலமா இருக்கு, இன்னைக்குக் கடலுக்குப் போவலைன்னு அமுக்கியிருக்காரு. ஐஸுக்குப் பின்னாலயே டீசல் வந்துட்டு. அதுக்குப் பின்னால ஆளுவளும் வந்து நிக்காவ. போன்ல கிழி கிழின்னு கிழிக்காரு."

"அமுக்கினா என்ன நடக்கும்னு எழுதியிருக்க?"

"ஸ்கிரீன்ல 'ரத்து'ன்னு காட்டும்."

"அது அண்ணாச்சிக்குத் தெரியும். உள்ள ஓடிக்கிட்டிருக்க ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராமுக்கு யாருலே சொல்லுவா? வேலைய நிறுத்தச் சொல்லுத அபார்ட் கன்ட்ரோலர் ஒண்ணு வையி. அதோட சிக்னலை ஐஸ், டீசல், ஆளு எல்லா வேலைக்கும் குடு. ஒவ்வொண்ணும் தொடங்குமுன்ன, நிறுத்தச் சொல்லியாச்சான்னு பாத்துக்கிடணும். இது கூடத் தெரியாம ஆப்பு போட வந்துட்டான்."

அந்த நேரம் நண்பனின் போன் அடித்தது.

"சொல்லுங்க மாமா... பொண்ணு பாக்கவா? இப்ப கல்யாணம் வேண்டாம்னு நேத்தே அம்மாட்ட சொல்லிட்டேனே... பொண்ணு ஊரு குலசேகரன்பட்டினத்துக்கே வந்துட்டியளா? வேன்லயா? பூவும் பழமும் வேறயா?"

நண்பன் போனை வைத்தான். லேப்டாப்காரன் தட்டிக்கொண்டிருந்ததை நிறுத்தாமலே சொன்னான்:

"ஒங்கம்மா ஸ்கிரீன்ல மட்டும் ரத்துன்னு காட்டியிருக்கு போலலே."