அசையலைன்னு எழுதிட்டாங்க

...ஒண்ணுகூட அசையலையாம் தம்பி. போன வாரம் எழுதியே குடுத்துட்டாங்க. உயிரணு எண்ணிக்கை இருக்காம், உருவம் இருக்காம், அசைவு மட்டும் சைபராம். என்னைப் பாத்தா அசையாத ஆள் மாதிரியா தெரியுது? ஃபிரிட்ஜைத் தோள்ல வெச்சு மூணு மாடி ஏறுறவன் நான். மெக்கானிக். பதினாலு வருசம். என்னைப் போய்...

கையில என்ன, டப்பாவா? அட, எதுக்கு மறைக்கிறீங்க. இங்க உக்காந்திருக்கிற ஆம்பளைங்க எல்லாருக்கும் அதே சோலிதான்.

அந்த ரூமைப் பாத்தீங்களா? கடைசியில இருக்கே, அது. தாழ்ப்பாள் விழாது. ஒரு கையால கதவைப் பிடிச்சுக்கணும். சுவத்துல கொழுகொழுன்னு ஒரு குழந்தை படம், நம்மளையே பாத்துச் சிரிக்குது. அதைப் பாத்துக்கிட்டு என்னத்தைத் தம்பி... வெளிய நர்சம்மா வேற, 'ஆச்சா, ஆச்சா'ன்னு. ஆகல. வீட்லேர்ந்து கொண்டு வர்றேன்னுட்டேன். ஒரு மணி நேரத்துக்குள்ள வரணும்னாங்க. நான் முப்பது நிமிசத்துல வந்து நின்னேன். அப்படி வந்தவனுக்குப் போய் சைபர் போட்டா வயிறு எரியுமா எரியாதா?

சீட்டா? ஆமா, எப்படிக் கொண்டு வரணும்னு ஒரு சீட்டு குடுத்தாங்க. படிக்கல. எதுக்குப் படிக்கணும்? பாலு, மீனு, மருந்து, எது கெடாம இருக்கணும்னாலும் ஊரே என்னைத்தான் கூப்பிடுது. எனக்கே சீட்டா? ஐஸ் பெட்டி எடுத்தேன், நாலு பக்கமும் ஐஸ் அடுக்கினேன், நடுவுல டப்பா. ரெண்டு டிகிரி. ஜம்முன்னு வந்துச்சு. 'என்னங்க, இவ்ளோ சில்லுன்னு இருக்கு'ன்னு நர்சம்மா கேட்டாங்க. வெளிய குளிருன்னேன்.

சிரிச்சுக்கோங்க. ரிப்போர்ட் வந்ததும் மேசையைத் தட்டி சண்டை போட்டேனே, அப்பதான் டாக்டர் சொன்னாரு, சட்டைக்குள்ள வெச்சு உடம்புச் சூட்டோட கொண்டு வரணுமாம். ஐஸ்ல வெச்சா எல்லாம் சுருண்டுடுமாம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதை. இன்னிக்கு அக்குள்ல இடுக்கிக்கிட்டு வந்து குடுத்தேன். ரிசல்ட்டுக்குத்தான் உக்காந்திருக்கேன்.

வீட்லயா? அவ... அவளும் வந்திருக்கா. மேல, ரெண்டாவது மாடியில.

நாலு வருசம் தம்பி. அவளைத்தான் ஊசி குத்தினாங்க, ஸ்கேன் எடுத்தாங்க. எனக்கென்ன குறைன்னு நான் ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்கல. போன வாரம் சைபர் வந்ததும், வீட்டுக்குப் போயி... எனக்கு எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். அவமானமா இருந்துச்சு. அவ கோவிக்கல. 'அப்ப கோளாறு என்கிட்டதான்'னு சொல்லிட்டு, வயித்துல துளை போட்டுப் பாக்குறதுக்குக் கையெழுத்து போட்டுட்டா. இன்னிக்குப் பதினோரு மணிக்கு.

மணி என்ன? பத்தே முக்காலா.

அதில்ல தம்பி, இந்த ரிசல்ட் நல்லதா வந்துட்டா நான் சொன்னது பொய்யில்லன்னு ஆயிடுமேன்னு... அதான் உக்காந்தே இருக்கேன். காலையிலேர்ந்து அவ முகத்தைப் பாக்கல.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? இப்பவே போய் உண்மையைச் சொல்லணுமா? ரிசல்ட் வராமயா?

...ம். வந்தா மட்டும் என்ன. நல்லதுன்னாலும் பொய் பொய்தான். கெட்டதுன்னா, அவளைச் சும்மா கிழிச்சதுதான் மிச்சம். பயந்த புள்ள தம்பி, ரத்தம் எடுத்தாலே கண்ணை மூடிக்குவா.

லிஃப்ட் எந்தப் பக்கம்? வேண்டாம், படியே போதும்.

இந்த டோக்கனைப் பிடிங்க. என் நம்பரைக் கூப்பிட்டா வாங்கிடாதீங்க, என்ன? கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க. ரெண்டு பேருமா வந்து வாங்கிக்கிறோம்.