வெள்ளையன் பெயரில் பன்னிரண்டு அட்டைகள்

வலிக்காமல் விரலில் குத்துவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தைகள்கூட லேப் செந்தில்வேல் சாரிடம்தான் கையை நீட்டுவார்கள். அதனால்தான் தொழுநோய்க்கான ரத்தப் பரிசோதனைப் பட்டைகள் ஆய்வுக்காக மலைக்கு வந்தபோது என்னிடம் ஒப்படைத்தார்கள். ஒரு சொட்டு ரத்தம் போதும். இரண்டாவது கோடு விழுந்தால் உடலில் கிருமி அதிகம், பன்னிரண்டு மாத மருந்து. கோடு விழாமல் தோலில் உணர்ச்சியற்ற தேமல் மட்டும் இருந்தால் கிருமி குறைவு, ஆறு மாதம் போதும்.

பட்டை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் என் விரலையே குத்தினேன். இரண்டாவது கோடு அழுத்தமாக விழுந்தது. மிகவும் பயந்துவிட்டேன், அதை உங்களிடம் மறைக்கவில்லை. மகள் ஸ்வேதாவுக்கு அப்போதுதான் நிச்சயம் முடிந்திருந்தது. பதிவேட்டில் என் பெயர் ஏறினால் வீட்டில் எல்லோரையும் சோதிக்க ஆள் வரும். மருந்து இலவசம்தான். ஆனால் அதற்கு ஒரு பெயர் வேண்டும்.

அந்த வாரம் பாச்சலூருக்குக் கீழேயிருந்து வெள்ளையன் வந்தான். காட்டில் தேன் எடுப்பவன். முழங்கைக்குக் கீழே ஒரு தேமல். ஊசி வைத்தாலும் தெரியவில்லை. அவன் பட்டையில் இரண்டாவது கோடு இல்லை. அதைக் குப்பையில் போட்டுவிட்டு, என் ரத்தம் வைத்த பட்டையில் அவன் பெயரை எழுதினேன். டாக்டர் பன்னிரண்டு மாதம் எழுதினார்.

மாதா மாதம் ஜீப்பில் போய் மருந்து கொடுக்கும் வேலையையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அவன் பெயருக்கு மாதம் ஒன்றாக வந்த மாத்திரை அட்டையில் இருந்ததை நான் விழுங்கினேன். வெறும் கையோடு போக மனம் வராமல் அவனுக்குச் சத்து மாத்திரை பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

நான்காம் மாதம் நர்ஸ் ராஜேஸ்வரி என்னோடு வந்தார்.

"ஏப்பா, மாத்திரை போட்டன்னைக்கு ஒன்னுக்குச் செவப்பாப் போகுமே, போச்சா?"

"இல்லீங்கம்மா, எப்பவும் போலத்தேன். வெரலுதேன் மடங்கிக்கெடக்கு."

"ஓடைத் தண்ணி நெறையக் குடிக்கிறவன், நெறம் தெரியாதுங்க. மருந்து புடிக்கிறப்ப வெரல் அப்பிடித்தேன் இழுக்கும். வெரசாச் சரியாப் போகும்" என்றேன்.

ராஜேஸ்வரி நம்பினார். வெள்ளையனும் நம்பினான்.

மருந்தில் என் தோல் கறுத்தது. மலை வெயில் என்று சம்பந்தி வீட்டார் சொல்லிக்கொண்டார்கள். கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. வெள்ளையன் ஒரு குடம் தேன் கொண்டுவந்திருந்தான். பந்தியில் அவனால் சோற்றை அள்ள முடியவில்லை. பார்த்து உண்மையிலேயே வருத்தப்பட்டேன்.

பன்னிரண்டாவது அட்டை முடிந்த மூன்றாம் வாரம், பாறைத்தேன் எடுக்க இறங்கியவன் கொடியைப் பிடிக்க முடியாமல் விழுந்தான். பன்னிரண்டு மாத மருந்து முடித்தவனுக்கு விரல்கள் அப்படி மடங்கிக் கிடந்ததைப் பார்த்துத்தான் நீங்கள் விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள். ஆமாம், அவன் மருந்தை நான் தின்றேன். அதனால்தான் அவன் செத்தான்.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கொடுத்த மாத்திரையை அவன் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. நோயாளி என்ற முறையில் அவன் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.