சிட்டுவுக்கு நான் வாசித்த முடிவு

நேற்று உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் என்னைக் கேட்டுக் கேட்டு எழுதிய வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன் மேடம். ஒரே பக்கத்தில் பதினாறு பிழைகள். ‘புத்தகத்தை மேசைமேல் வைத்தேன்’ என்று நான் சொன்னது ‘வைதேன்’ என்று இருக்கிறது. நான் எந்தப் புத்தகத்தையும் வைததில்லை. பதிப்பகத்தில் இருபத்தெட்டு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறவள் அதில் கையெழுத்துப் போட முடியாது. ஆகையால் நானே எழுதித் தருகிறேன்.

அவளைச் சிட்டு என்றே எழுதுகிறேன். ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த அன்று நான் வைத்த பெயர் அது. அவளை அப்படிக் கூப்பிடுகிற உரிமை என் ஒருத்திக்குத்தான் இருந்தது. அவள் கணக்கு டீச்சர் ஆனாள், கல்யாணம் செய்துகொண்டாள். கணவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. மாரடைப்பு. அதை விசாரித்து உங்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம். அவர் போன பிறகுதான் அவள் எனக்கு முழுதாகத் திரும்பக் கிடைத்தாள்.

போன வருடம் ஏதோ கிருமி தொற்றி அவளுடைய இரண்டு கருவிழிகளிலும் வெள்ளை படர்ந்தது. எதிரே நிற்பவரின் நிழல் மட்டும் தெரியும். வேலை முடிந்து நாலரை மணிக்கு நான் அவள் வீட்டுக்குப் போவேன். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பேப்பர் வாசிப்பேன், கடிதம் வாசிப்பேன், பிறகு ஏதாவது கதை. அவள் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, “அந்த வரியை இன்னொரு தடவ படிடி” என்பாள். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாட்கள் இருந்ததில்லை. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அப்புறம் எதிர்வீட்டுக்கு மருந்துக்கடைக்காரி குடிவந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தெருமுனையில் சொந்தக் கடை. அவள் சிரித்தால் கீழ்த்தளத்தில் செருப்பைக் கழற்றும்போதே கேட்கும். முதல் வாரம் ‘டீச்சர்’ என்றாள், இரண்டாம் வாரம் ‘அக்கா’, மூன்றாம் வாரம் ‘சிட்டுக்கா’. சிட்டு மறுப்பாள் என்று காத்திருந்தேன். சிரித்தாள்.

நான் எதையும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் கவனித்தேன். நான் போகும்போது பாத்திரக் கூடையில் இரண்டு கப் கவிழ்த்து வைத்திருக்கும். நான் உட்காரும் நாற்காலி ஜன்னல் பக்கம் நகர்ந்திருக்கும். ஒருநாள் சிட்டு போனைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி சொன்னாள்: “இங்க பாருடி, இதைத் தட்டினா இதுவே கதை படிக்குமாம். அவதான் சொல்லிக் குடுத்தா. இனிமே நீ தினம் மாடி ஏறி அலைய வேணாம்.”

நான் அலைவதாக யாரிடமும் முறையிட்டதில்லை. அந்த மெஷினுக்கு லகர ளகரமே வராது.

பிறகு வலது கண்ணுக்கு வேறொருவர் தானம் கொடுத்த கருவிழியை வைத்து ஆபரேஷன் செய்தார்கள். உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க, சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விடாமல் போட வேண்டும் என்றார் டாக்டர். “ஒழுங்கா போட்டா மூணு மாசத்துல நீங்களே புத்தகம் படிக்கலாம்” என்றும் சொன்னார். திரும்பி வரும்போது ஆட்டோவில் சிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கண்ணு தெரிஞ்சதும் முதல்ல என்ன பண்ணப்போறேன் தெரியுமா? பஸ் ஏறிக் கடலைப் பாக்கப் போறேன். நானும் அவளும் பேசி வச்சிருக்கோம்.”

நான் கணக்கு டீச்சர் இல்லை. ஆனாலும் அந்த வாக்கியத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணத் தெரியும்.

அந்த மாதம்தான் நாவலை ஆரம்பித்தோம். ரேடியோவில் யாரோ அதைப் பற்றிப் பேசியதைக் கேட்டுவிட்டு, அதுதான் வேண்டும் என்றாள். வாங்கிக்கொண்டு போனேன். கடலோரத்தில் ஒரு பழைய கருங்கல் வீடு. சேர்ந்து வளர்ந்த இரண்டு பெண்கள். ஒருத்தி படுத்த படுக்கை, மற்றவள் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறாள். மாடியில் பூட்டிய அறை. பின்கட்டில் வாடகைக்கு வரும், படம் வரைகிற ஒரு பெண். சிட்டுவுக்குப் பயப்படப் பிடிக்கும். கதவு கிறீச்சிட்டால் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். அதனால் கதவுகளை நிதானமாகத் திறந்தேன்.

எந்தப் புத்தகமாக இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முழுதும் படித்துவிட்டுத்தான் அவளுக்கு வாசிப்பது என் பழக்கம். இதையும் படித்தேன். கடைசியில், நோயாளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நோயாளியாக்கியவள் அந்தப் பழைய சிநேகிதிதான் என்று வருகிறது. கண்ணுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு வாசிக்கிற முடிவா அது? நான் மாற்றினேன். சிநேகிதி செய்வதையெல்லாம் படம் வரைகிறவள் செய்வதாக வாசித்தேன். ஒரு சொல்லை அடித்து இன்னொன்றை எழுதுவது எனக்குத் தினசரி வேலை.

“அந்தப் படம் வரையறவ நல்லவ மாதிரில்ல தெரியறா?” என்றாள் சிட்டு.

“ஆரம்பத்துல எல்லாரும் நல்லவங்கதான்” என்றேன்.

ஒரு சாயங்காலம் மருந்துக்கடைக்காரி வாசலில் நின்றபடி, “சிட்டுக்கா, அந்தச் சொட்டு மருந்தக் குடுங்க, தேதி பாத்துத் தரேன்” என்றாள். ஆஸ்பத்திரியில் பார்த்தாயிற்று என்று நான் பதில் சொன்னேன். அவள் போன பிறகு பதினான்கு பக்கம் வாசித்தேன். அந்தப் பதினான்கும் புத்தகத்தில் இல்லை. படம் வரைகிறவள் மருந்துக் குப்பியை வாங்கிப் பார்க்கிறாள், மறுநாள் நோயாளிக்குக் காய்ச்சல் ஏறுகிறது. புத்தகத்தை மூடிவிட்டு, “உன் மருந்து மேல இவளுக்கு என்னடி அவ்வளவு அக்கறை?” என்று மட்டும் கேட்டேன்.

சிட்டுவுக்கு ஏற்கெனவே கண் சிவந்து வலிக்க ஆரம்பித்திருந்தது. “போன வாரம் தெரிஞ்ச வெளிச்சம்கூட இப்ப இல்லடி” என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று மேசையைத் தடவிப் பாட்டிலை எடுத்தாள். பிறகு, “உன் கையைத் தவிர வேற யார் கையிலயும் இதைக் குடுக்க மாட்டேன்” என்று பாட்டிலைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். அடுத்த வாரம் எதிர்வீட்டுக்காரி மணி அடித்தபோது கதவைத் திறக்கவில்லை. பாத்திரக் கூடையில் ஒரு கப்தான் இருந்தது. நான் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

இந்த இடத்தில் ஒரு திருத்தம் மேடம். நாவலைப் படித்ததால் எனக்கு யோசனை வந்தது என்று உங்கள் எழுத்தர் எழுதியிருக்கிறார். தவறு. நாங்கள் முதல் அத்தியாயத்தைத் தொடங்கியபோது சிட்டுவின் பாட்டிலில் மருந்து இல்லாமல் போய்ப் பதினொரு நாள் ஆகியிருந்தது. ‘குழாய்த் தண்ணீர்’ என்பதும் தவறு. காய்ச்சி ஆறவைத்து மெல்லிய துணியில் வடிகட்டிய தண்ணீர். புதுப் பாட்டில் வாங்கும்போதெல்லாம் மருந்தைக் கொட்டிவிட்டு நானே நிரப்பிக் கொடுப்பேன். காலையில் அவளே போட்டுக்கொள்வாள், மாலையில் நான் போடுவேன். சோப்புப் போட்டுக் கைகழுவாமல் அவள் இமையைத் தொட்டதில்லை. “மருந்து ஒழுங்கா போடறீங்களா?” என்று டாக்டர் கேட்டபோது, “ஒரு வேளைகூடத் தவறல டாக்டர்” என்றேன். அது உண்மை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாவலின் ஆறாம் அத்தியாயத்தில் அந்தச் சிநேகிதி ஒரு கடிதத்தை மறைப்பாள். அதைப் படம் வரைகிறவள் மேல் மாற்றி வாசிக்கும்போது என் குரல் ஒரு நொடி நின்றது. “என்னடி, தொண்டையா?” என்றாள். “தூசி” என்றேன். இருபத்தொன்பது வருடத்துக்கு முன்பு சிட்டு வீடு மாறிக்கொண்டிருந்த சமயத்தில், அவளுக்கு வெளியூர்ப் பள்ளியிலிருந்து வந்த வேலை உத்தரவு என் முகவரிக்கு வந்தது. வேலை கிடைக்கவில்லை என்று அவள் என் மடியில் படுத்து அழுதாள். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். என் பீரோவின் கீழ்த்தட்டில் பாருங்கள், உறைகூடக் கசங்கவில்லை. புது ஊரில் தனியாகத் திண்டாடியிருப்பாள்.

விஷயம் வெளியே வந்த விதம் சாதாரணமானது. ஒரு வியாழக்கிழமை மதியம் மருந்துக்கடைக்காரி கதவுக்கு வெளியே நின்று, “நான் என்னக்கா தப்பு பண்ணேன்? சொல்லுங்க, போயிடறேன்” என்று அழுதிருக்கிறாள். சிட்டுவுக்கு யாராவது அழுதால் தாங்காது. உள்ளே விட்டு, நாவலில் வரும் படம் வரைகிறவளைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். இவள் மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்துக் கடைசி அத்தியாயத்தை வாசித்திருக்கிறாள். சிட்டு நம்பாமல் மறுபடியும் வாசிக்கச் சொன்னாளாம். அதன் பிறகு அவளாகவே தலையணைக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டியிருக்கிறாள். மருந்துக்கடைக்காரி ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுப் பார்த்துவிட்டு, “இது பால் மாதிரி வெள்ளையா இருக்கணும் அக்கா. இது வெறும் தண்ணி” என்றாளாம்.

நாலரை மணிக்கு நான் போனேன். நடுவில் பாட்டிலை வைத்துக்கொண்டு இருவரும் சோபாவில் இருந்தார்கள். நான் முதலில் பார்த்தது பாட்டிலை இல்லை. சிட்டுவின் தலை அவள் தோளில் சாய்ந்திருந்ததைத்தான்.

வலது கண்ணில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொன்னார்களாம். இடது கண்ணுக்கு முயற்சி செய்து பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாதாம். மருந்தைக் கொட்டித் தண்ணீர் நிரப்பியது நான்தான். தெரிந்துதான் செய்தேன். என்ன ஆகும் என்று டாக்டர் முதல் நாளே விளக்கியிருந்தார். யாரும் தூண்டவில்லை.

செவ்வாய்க்கிழமை சிட்டுவை இங்கே அழைத்து வந்தீர்கள். மருந்துக்கடைக்காரி கதவோரம் நின்றாள். சிட்டு என் எதிரில் உட்கார்ந்து, என்னைத் திட்டாமல், அந்த நாவலைப் பற்றிக் கேட்டாள்.

“அந்தப் பழைய சிநேகிதி எதுக்குடி அப்படிச் செஞ்சா?”

“பாசத்துல” என்றேன்.

“புத்தகத்துல அப்படியா போட்டிருக்கு?”

“ஆமா.”

புத்தகத்தில் பொறாமை என்றுதான் போட்டிருந்தது. எழுதியவருக்கு விவரம் போதாது.  சிட்டு எழுந்து கையை நீட்டினாள். முப்பத்தெட்டு வருடப் பழக்கம், நானும் என் கையை நீட்டினேன். அவள் கை கதவுப் பக்கம் போயிற்று.

பாவம், கண் தெரியாதவள். திசை தவறி நீட்டிவிட்டாள்.