படத்துல இல்லாத சாமி

அட, தப்பா நெனைக்காதீக சர்வேயரய்யா, ஒங்க படம் பொய்யின்னு நான் சொல்லல. அம்பது வருஷத்துக்கு முந்தி வெள்ளக்காரத் தொர சங்கிலி போட்டு அளந்து வரஞ்சது, பொய் சொல்லுமா? காலையில இருந்து ஒங்க பின்னாடியே சுத்துறேன். படத்துல போட்ட மாதிரியே கெணறு அந்த எடத்துல இருக்கு. வண்டிப்பேட்ட இருந்த எடத்துல இன்னும் சாணி நாறுது. பரம்பர வீடு, பரம்பர வீடுன்னு மீசைய முறுக்குவாரே மண்டிக்கார வேலுச்சாமி, அந்த எடத்துல கழுதத்தொழுவம்னு எழுதியிருக்குன்னு நீங்க படிச்சுச் சொன்னீகளே, எனக்கு இன்னும் சிரிப்பு அடங்கல. ஒரு மாசத்துக்குத் தாங்கும்யா இது.

ஆனா இந்த ஒரு சர்வே கல்ல மட்டும் விட்டுருங்க. ஆமா, படத்துப்படி என் அடுப்பு இருக்குற எடத்துல நிக்கணும், இங்கன பன்னெண்டடி தள்ளி, என்னோட இந்தக் கர்ணன் காப்பிக்கடை வாசல்ல மஞ்சத்துணி கட்டி நிக்கிது. எனக்குக் கண்ணு இல்லையா? ஐயய்யோ, நம்பரு பாக்குறேன்னு மஞ்சளச் சொரண்டாதீக! சந்தைக்கு வந்த சனம் பாத்துச்சுன்னா ஒங்க சங்கிலியாலயே ஒங்களக் கட்டிப்போட்டுரும்.

இது இப்ப வெறுங்கல்லு இல்லய்யா, எல்லைச்சாமி. சுருளியாண்டி எரும காணாமப் போச்சு, இதுக்கு ஒரு தேங்கா நேந்துக்கிட்டான், மறுநா எரும வாசல்ல நிக்கிது. பசிச்சா எரும வீட்டுக்கு வராதான்னா கேக்குறீக? அத அவன்கிட்டக் கேட்டுப் பாருங்க, தெரியும். மாதா கோயிலுக்குப் போற மரிய ஜோசப்பே யாருக்கும் தெரியாம இங்கன ஒரு மெழுகுதிரி ஏத்திட்டுத்தான் போறாரு.

எப்பிடி நகந்துச்சா? சாமின்னா நடக்காதா... அப்பிடிப் பாக்காதீகய்யா. சரி, ஒங்ககிட்ட எதுக்கு மறைக்க. நான்தான் கடப்பாரையில நெம்பித் தள்ளுனேன். மூணு வருஷத்துக்கு முந்தி, ஊரே வீரபாண்டித் திருவிழாவுக்குப் போயிருந்தப்ப. அடுப்புப் போட எடம் பத்தல. எவனும் திரும்பப் புடுங்கி நட்டுரக் கூடாதேன்னு மஞ்சளப் பூசி, பொட்டு வச்சு, நாலு செவ்வந்திப் பூவப் போட்டேன். அம்புட்டுத்தான் நான் செஞ்சது. மிச்சத்த ஊரே பாத்துக்கிருச்சு.

செயிலா? போடுங்க, போறேன். அடுப்ப நாளைக்கே இடிச்சுர்றேன். கல்ல மட்டும் இப்ப அசைக்காதீக. எனக்கும் கருத்தம்மாளுக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆச்சு. போகாத கோயில் இல்ல, சுத்தாத மரம் இல்ல. கடைசியில இந்தக் கல்லத்தான் ஒரு மண்டலம் ஈரச்சீலையோட சுத்துனா, பாவி மக. நான் சிரிக்கவும் முடியாம, சொல்லவும் முடியாம அடுப்ப ஊதிக்கிட்டுக் கெடந்தேன். இப்ப அவளுக்கு ஏழாம் மாசம்.

இப்ப கல்ல அசைச்சு அவளுக்கு ஏதும் ஆயிருச்சுன்னா? பேறுகாலம் முடியட்டும், நானே தோள்ல தூக்கிட்டுப் போயி ஒங்க படத்துல சொன்ன எடத்துலயே நட்டுர்றேன். அந்தா, எண்ணெக் கிண்ணத்தோட அவளே வர்றா. படத்தச் சுருட்டி வைங்கய்யா.