நாங்கள் அடைத்த முப்பத்தாறு ஓட்டைகள்

இந்தக் கண்டனக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வணிகர் சங்கத் தலைவர், ஓர் ஆணி கேட்டுப் போனாலும் உட்காரவைத்து உபசரிக்கும் ஹார்டுவேர் கடை அமீர் ஜான் பாய் அவர்களே! மண்ணை உழுத கையோடு மன்றத்துக்கு வந்த நம் பஞ்சாயத்துத் தலைவர், பெரியவர் ஐயாக்கண்ணு அவர்களே! எனக்கு முன்னால் இடிபோல் முழங்கி அமர்ந்திருக்கும் உறுப்பினர் பெருமக்களே! தோட்டத்தில் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து, ஈரச் சாக்கை விரித்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மாரமங்கலத்திலிருந்தும் கிளியூரிலிருந்தும் மழையோடு மழையாக நடந்து வந்திருக்கும் பெரியோர்களே! தார்ப்பாய்க்கு வெளியே, ஒரே குடைக்குள் நான்கு பேராக நிற்கும் தம்பிமார்களே! உங்கள் எல்லோருக்கும் ஆரோக்கியசெல்வியின் வணக்கம்.

என் குரல் நடுங்குகிறது. இது மேடை நடுக்கம் அல்ல. சேலத்தில் கல்லூரியில் படித்தபோது பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவள் நான். இது ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய நடுக்கம். பூசை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தேன். மலை தொண்டையைச் செருமியதுபோல் ஒரு சத்தம். அவ்வளவுதான். மேட்டுத்தெரு பால்வாடிக்குப் பின்னால், நாம் கட்டி நான்கே மாதம் ஆன தடுப்புச்சுவரில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. கல்லும் களியும் கரும்பலகை வரைக்கும் வந்திருந்தன. ஆயா பாவாயி அக்கா ஒரு பாயின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். வரவில்லை. பாயின் மேல் பாறை.

தாய்மார்களே, அது என் மகளின் பாய். சனிக்கிழமை மத்தியானம் அவள் அதில்தான் தூங்கினாள். இடையில் ஒரே ஒரு இரவு! ஒரு இரவின் தயவில் நம் இருபத்தெட்டுப் பிள்ளைகள் இன்றைக்கு நம் மடியில் இருக்கிறார்கள். நினைத்தால் நெஞ்சு நின்றுவிடாதா? அன்றைக்கு முழுக்க அவளைக் கீழே இறக்கிவிடாமல் இடுப்பிலேயே வைத்திருந்தேன். "எறக்கி உடும்மா, நான் என்ன பாப்பாவா?" என்று அவளே என்னைத் திட்டினாள்.

யாரது அங்கே? 'சித்தனைக் கட்டி வையுங்க' என்று குரல் வருகிறது. கட்டலாம் அண்ணா. சுவரைக் கட்டிய கான்டிராக்டரைக் கட்டிவைக்கத்தானே கூடியிருக்கிறோம்? சுவரொட்டியிலும் அப்படித்தானே போட்டிருக்கிறது? கொஞ்சம் பொறுங்கள். கயிறு எத்தனை முழம் வேண்டும் என்பதை நான் பேசி முடித்தபின் அளந்துகொள்ளலாம்.

இந்த மலை கான்டிராக்டர்களைக் கண்டதில்லையா? திறப்பு விழா மாலை வாடும் முன்பே வாய் பிளந்த பாலத்தைக் கண்டோம். தண்ணீர் ஏறும் முன்பே ஒழுகத் தொடங்கிய தொட்டியைக் கண்டோம். அடிவாரத்திலிருந்து லாரியில் ஏறி வந்தவர்கள் அள்ளிக்கொண்டு இறங்கிப் போனதைக் கண்டோம். கண்டு கண்டு நம் கண்ணே காமாலைக் கண் ஆகிவிட்டது. அதனால்தான், மாரமங்கலத்தில் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் நம் மலைக்காரர் சித்தன் முதல்முறையாக ஒரு டெண்டர் எடுத்து, அறுபது அடி நீளத்துக்கு ஒன்பது அடி உயரச் சுவரைக் கட்டி முடித்தபோது, நாம் கல்லைப் பார்க்கவில்லை. கலவையைப் பார்க்கவில்லை. எதைப் பார்த்தோம்? ஓட்டையைப் பார்த்தோம்!

வரிசை வரிசையாக முப்பத்தாறு ஓட்டைகள். ஒவ்வொன்றும் கை நுழையும் அளவு. "பாத்தியா, கல்லை மிச்சம் புடிச்சுட்டான்" என்றது ஊர். அப்புறம் ஒரு நாள் மைமூன் அக்கா மூச்சிரைக்க என் வீட்டுக்கு ஓடி வந்தார். அவர் இங்கேதான் இருக்கிறார், தப்பாகச் சொன்னால் திருத்தட்டும்.

"ஏ செல்வி, பால்வாடிச் செவுத்து ஓட்டையில பாம்புச் சட்டை தொங்குது! எம்பட பையன் அதைத் துணின்னு இழுத்து வெளையாடறான்! நீ படிச்ச புள்ளை, ஒரு மனு எழுது கண்ணு. நாங்க கைநாட்டு வெக்கறோம்."

எழுதினேன். எப்படி எழுதினேன் தெரியுமா? கார்பன் தாள் வைத்து, மூன்று பிரதி எடுத்து எழுதினேன். "கல்லைக் களவாடிய கயவர் கட்டிய சுவரில் கருநாகம் குடியிருக்கிறது. ஒவ்வோர் ஓட்டையும் ஊழலின் ஒப்புதல் வாக்குமூலம்" என்று எழுதினேன். எழுதிவிட்டு நானே இரண்டு தடவை வாசித்து மகிழ்ந்தேன். நாற்பத்தொரு தாய்மார்கள் ஒப்பமிட்டார்கள்.

பஞ்சாயத்துக் கூட்டத்தில் அதை வாசித்தபோது கைத்தட்டல் கூரையைத் தொட்டது. சித்தனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் சொன்ன சொல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

"ஏனுங்க, அது ஓட்டை இல்லீங்க, தண்ணி வழிங்க. மலைக்குள்ள எறங்குன தண்ணி வெளிய வரோணுமில்லீங்களா? எங்க காட்டுல படிப்படியாக் கல்லுக்கட்டு வெச்சிருக்கறம். ஒண்ணுக்கும் சாந்து பூசறதில்லீங்க. பூசி அடைச்சா ஒரு மழைக்கு நிக்காதுங்க."

"காட்டுக் கட்டுக்கும் கவுருமெண்டு கட்டுக்கும் வித்தியாசம் தெரியாதா அப்பனே?" என்றார் ஓர் உறுப்பினர். மன்றமே சிரித்தது. ஓவர்சியரைப் பார்த்தார்கள். "ஊரே ஒத்துக்கிட்டுக் கேக்கறப்ப நான் என்னங்க குறுக்க நிக்கறது?" என்று அவர் ஃபைலை மூடினார்.

சித்தன் விடவில்லை. "பாம்புதான் பயம்னா வாயில கம்பி வலை வெச்சுத் தர்றனுங்க" என்றார். அப்போது ஒரு பெண் எழுந்து, "வலைக்குத் தனி பில்லா?" என்று கேட்டாள். அடேயப்பா, என்ன சிரிப்பு! என்ன கைத்தட்டல்! அந்த மனிதர் துண்டோடு படியிறங்கிப் போனார்.

அந்தக் கேள்வியைக் கேட்டவள் நான்தான்.

ஓட்டைகளை அடைக்க ஏகமனதாகத் தீர்மானம். பிள்ளைகள் காரியமாயிற்றே என்று நம் அமீர் ஜான் பாய் இரண்டு மூட்டை சிமெண்டை இலவசமாகவே கொடுத்தார். பாய், தலையைக் குனியாதீர்கள். உங்கள் சிமெண்ட் நல்ல சிமெண்ட். அதுதானே வினையாகப் போய்விட்டது!

திங்கட்கிழமை அந்த இடிபாட்டைப் பார்க்கப் போனேன். எனக்கு முன்பே சித்தன் அங்கே நின்றிருந்தார். நான் கோபத்தோடு போனேன் என்பதையும் மறைக்கவில்லை. "இப்பத் திருப்தியா?" என்று கேட்டேன். என்ன கேள்வி பாருங்கள்! யார் யாரைக் கேட்க வேண்டிய கேள்வி!

அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். விழாமல் நிற்கும் நாற்பது அடியில் ஓர் இடத்தைத் தட்டிப் பார்த்தார். "அம்மணி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். அடைத்த ஓர் ஓட்டையில் கடப்பாரையை வைத்து மூன்று குத்துக் குத்தினார். மூன்றாவது குத்துக்குச் செம்மண் தண்ணீர் சீறியது! குழாய் உடைந்ததுபோல் என் புடவைக் கொசுவம் வரைக்கும் பாய்ந்தது. நின்றதா? நிற்கவில்லை. நான் நின்று பார்த்த அரைமணி நேரமும் பாய்ந்துகொண்டே இருந்தது.

"இத்தனை தண்ணியும் உள்ளயே நின்னு முட்டிக்கிட்டிருக்குதுங்க. செவுரு பாவம், அது என்ன பண்ணும்?" என்றார். அவ்வளவுதான். 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நானும் எதிர்த்துப் பேசித் தப்பித்திருப்பேன். அந்த மௌனத்தில் அல்லவா நான் மாட்டிக்கொண்டேன்!

திருடர்களையே பார்த்துப் பழகிய நாம், திருடாத ஒருவர் வந்தபோது அவர் நேர்மையைப் பார்த்து 'இதுதான் திருட்டு' என்றோம். சுவர் மூச்சுவிட வைத்த மூக்கை, ஏகமனதாக, இலவச சிமெண்ட் கொண்டு, இலக்கியத் தமிழில் எழுதி அடைத்தோம்! கயிறு கேட்ட அண்ணா, இன்னும் இருக்கிறீர்களா? சித்தனுக்கு அளந்த கயிறு பத்தாது. மேடையைச் சுற்ற வேண்டும். முன்வரிசையைச் சுற்ற வேண்டும். முதல் முடிச்சை என் கையில் போட வேண்டும்.

இப்போது கேளுங்கள், இதைவிடப் பெரிய அதிர்ச்சியை. சித்தன் அடுத்த ஓட்டைக்குக் கடப்பாரையை ஓங்கினார். அங்கே வந்த ஓவர்சியர் தடுத்தார். "தீர்மானம் போட்டு அடைச்சதுங்க. தீர்மானம் போட்டுத்தான் தொறக்கோணும். அடுத்த கூட்டம் இருபத்தஞ்சாந் தேதி" என்றார். இன்றைக்குத் தேதி பதினாறு. மழைக்கு யார் அஜெண்டா அனுப்புவது? சரி, அந்த அஜெண்டாவில் முதல் பொருள் என்ன? சித்தனைக் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பது. ஓட்டைகளைத் திறப்பது எத்தனையாவது பொருள்? பட்டியலிலேயே இல்லை!

பால்வாடியைத் தற்காலிகமாக மூடியிருக்கிறோமே என்கிறார் தலைவர் ஐயாக்கண்ணு. உண்மைதான் ஐயா, பிள்ளைகள் உள்ளே இல்லை. ஆனால் அந்தச் சுவருக்கு நேர் கீழே ஆறு வீடு. பாவாயி அக்கா, உங்கள் வீடும் அதில் ஒன்று. என்ன சொல்கிறீர்கள்?

கேட்டீர்களா? மைக்கில் விழுந்திருக்காது, நான் சொல்கிறேன். "நொம்ப நாளா ஊட்டுக்குள்ள செவுத்து ஓரமா ஈரம் ஏறுது சாமி. யாருகிட்டச் சொல்றது?" என்கிறார்.

யாரிடம் சொல்வது! பெரியோர்களே, தாய்மார்களின் சார்பில் சித்தனைக் கண்டித்துப் பேசத்தான் என் பெயரைச் சுவரொட்டியில் போட்டீர்கள். என்னை மன்னியுங்கள். என் கையில் இன்னொரு மனு இருக்கிறது. இதில் எதுகை இல்லை, மோனை இல்லை. நான்கே வரி. வாசிக்கிறேன்.

"சித்தன் மீது பிழை இல்லை. ஓட்டைகளை அடைக்கச் சொன்னவர்கள் நாங்கள். மீதமுள்ள இருபத்துமூன்று ஓட்டைகளையும் நாளைக் காலை எட்டு மணிக்கு நாங்களே திறக்கிறோம். வழக்குப் போடுவதானால் முதல் பெயர் என்னுடையது."

கீழே ஒப்பமிட்டுவிட்டேன். நாற்பது இடம் காலியாக இருக்கிறது. அன்றைக்குக் கைநாட்டு வைத்த விரல்கள் இன்றைக்கு எங்கே?

மைமூன் அக்கா எழுந்து வருகிறார். வாருங்கள் அக்கா. மை இங்கே இருக்கிறது.

தலைவர் பாய் என்னவோ சொல்கிறார்... "கடையில இருக்கற கடப்பாரை அத்தனையும் காலையில அங்க இருக்கும்மா" என்கிறார். பாய், இதற்குத்தான் கைத்தட்ட வேண்டும். அன்றைக்கு நான் கேட்ட கேள்விக்கு அல்ல.

அடிவாரம் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். தூற்றலிலும் கலையாமல் காதுகொடுத்தவர்களுக்கு நன்றி. திட்டப் போகிறேன் என்று நம்பி மைக்கைக் கையில் கொடுத்தவர்களுக்கும் நன்றி. தொடக்கத்தில் எல்லோருக்கும் வரிசையாக வணக்கம் சொன்னேன் அல்லவா? ஒருவரை விட்டுவிட்டேன். அதோ, டீக்கடைத் தாழ்வாரத்தில், கூட்டம் தன்னை அடிக்கலாம் என்று தெரிந்தும் போகாமல், துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறாரே, அவரை.

சித்தன் அண்ணா, வணக்கம். நாளைக்கு எட்டு மணிக்கு வந்துவிடுங்கள். எந்த ஓட்டையை முதலில் குத்த வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். இந்தத் தடவை நாங்கள் கேட்கிறோம்.